மேன்ஸ்ப்ளெயினிங் என்றால் உண்மையில் என்ன?

இணையத்தில் ஒரு பெண் எழுதிய பதிவுக்குக் கீழே ஒரு ஆண் மாற்றுக் கருத்து சொன்னால் போதும், "மேன்ஸ்ப்ளெயினிங் பண்ணாதீங்க" என்று யாராவது வந்துவிடுகிறார்கள். அதற்கு அடுத்த பதிலும் தயாராக இருக்கும்: "அப்போ ஆம்பளைங்க வாயையே திறக்கக் கூடாதா?" இந்தச் சண்டையில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்பதே காணாமல் போய்விடுகிறது. சிலர் அதை வாதத்தை முடித்துவைக்கும் முத்திரையாகக் குத்துகிறார்கள், சிலர் அதைக் கேட்டதுமே ஆண்கள் எல்லோரையும் திட்டிவிட்டதாக எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு இரண்டுமே வருத்தம்தான். அந்தச் சொல் சுட்டுகிற அனுபவம் உண்மையானது, கோடிக்கணக்கான பெண்களுக்கு நாள்தோறும் நடப்பது. சொல்லைக் கண்டபடி வீசினால், அந்த அனுபவத்தைச் சொல்லவேண்டிய நேரத்தில் யாரும் காதுகொடுத்துக் கேட்கமாட்டார்கள். அதனால் இதை அடியிலிருந்து பார்த்துவிடலாம்: பொருள் என்ன, எங்கே பிறந்தது, உள்ளே என்ன நடக்கிறது, எது இதில் சேராது.

கொல்லன் தெருவில் ஊசி

கொல்லன் தெருவிலேயே ஊசி விற்பதா என்று நம் ஊரில் கேட்பார்கள். ஊசி அடிப்பவரிடமே போய் ஊசி விற்கிறவர் ஊருக்குப் புதியவராக இருந்தால் அது வெறும் தெரியாத்தனம், யாராவது எடுத்துச் சொன்னால் சிரித்துக்கொண்டே அடுத்த தெருவுக்குப் போய்விடுவார். இதையே கொஞ்சம் மாற்றிப் பாருங்கள். உலை எரிகிறது, கையில் சுத்தியலோடு ஒரு பெண் நிற்கிறார், பக்கத்தில் அவர் அடித்துமுடித்த ஊசிகள் குவிந்து கிடக்கின்றன. வந்தவர் அந்தக் குவியலிலிருந்தே ஒரு ஊசியை எடுத்து, "இது பேரு ஊசிம்மா, இந்த முனை கூர்மையா இருக்கும், அந்த ஓட்டையில நூலைக் கோக்கணும்" என்று அவரிடமே பாடம் எடுக்க ஆரம்பிக்கிறார். தெருவும் தெரிகிறது, உலையும் தெரிகிறது. ஆனால் இவர்தான் அந்தக் கொல்லர் என்பது மட்டும் அவர் மனதில் ஏறவே இல்லை.

மேன்ஸ்ப்ளெயினிங் என்பது இந்த இரண்டாவது ஆள் செய்வது. ஒரு விஷயம் நன்றாகத் தெரிந்த பெண்ணிடம், அவர் கேட்காமலேயே, அவருக்குத் தெரிந்திருக்காது என்று தானாகவே முடிவுகட்டிக்கொண்டு, ஒரு ஆண் மேதாவித்தனமாக விளக்கம் கொடுப்பது. எதிரில் இருப்பவர் பெண் என்பதைத் தவிர அந்த முடிவுக்கு வேறு ஆதாரம் எதுவும் இருக்காது. ஆங்கிலத்தில் ஆணைக் குறிக்கும் மேன், விளக்குவதைக் குறிக்கும் எக்ஸ்ப்ளெயின் இரண்டையும் ஒட்டிச் செய்த சொல், பிரேக்ஃபாஸ்ட்டும் லஞ்சும் ஒட்டி பிரஞ்ச் ஆனதுபோல.

பலர் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. குரல் எவ்வளவு மென்மையாக இருந்தாலும், சிரித்த முகத்தோடு, உதவுகிற எண்ணத்தோடு சொன்னாலும், அது மேன்ஸ்ப்ளெயினிங்காக இருக்க முடியும். குரலை வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. விளக்குவதற்கு முன்னால் மனதுக்குள் போட்ட கணக்கைத்தான் பார்க்கவேண்டும்.

ஆஸ்பென் மலையில் ஒரு விருந்து

அமெரிக்காவில், கொலராடோ மாநிலத்தில், ஆஸ்பென் என்று ஒரு மலை ஊர் இருக்கிறது. பனிச்சறுக்குக்கும் பணக்காரர்களுக்கும் பேர்போன ஊர். 2003இல் அங்கே ஒரு பெரிய வீட்டில் நடந்த விருந்துக்கு எழுத்தாளர் ரெபெக்கா சோல்னிட்டும் அவருடைய தோழியும் போயிருந்தார்கள். கிளம்பப்போகும் நேரத்தில் வீட்டுக்காரர் அவர்களைப் பிடித்து உட்காரவைத்தார். வயதில் மூத்தவர், நல்ல வசதிக்காரர். நீங்கள் ஏதோ ஓரிரு புத்தகம் எழுதியிருக்கிறீர்களாமே என்று விசாரித்தார், சின்னக் குழந்தையிடம் பாட்டு வகுப்பைப் பற்றிக் கேட்கிற தோரணையில். சோல்னிட் அதற்குள் ஆறேழு புத்தகங்கள் எழுதியிருந்தார்.

அந்த ஆண்டு வெளிவந்த புத்தகத்தைப் பற்றி அவர் பேச ஆரம்பித்தார். அது எட்வர்ட் மைப்ரிட்ஜ் என்ற புகைப்படக் கலைஞரைப் பற்றியது. பாய்ந்து ஓடும் குதிரையின் நான்கு கால்களும் ஒரே சமயத்தில் தரையைவிட்டு எழும்புமா என்ற கேள்விக்கு, 1878இல் கலிபோர்னியாவில் வரிசையாகக் கேமராக்களை வைத்துப் படமெடுத்து, எழும்பும் என்று காட்டியவர் அவர். அசையும் படம் என்ற எண்ணத்துக்கே முன்னோடிகளில் ஒருவர்.

மைப்ரிட்ஜ் என்ற பெயர் காதில் விழுந்ததோ இல்லையோ, வீட்டுக்காரர் குறுக்கே வந்துவிட்டார். இந்த வருஷம் மைப்ரிட்ஜைப் பற்றி ரொம்ப முக்கியமான புத்தகம் ஒன்று வந்திருக்கிறதே, கேள்விப்பட்டீர்களா என்று கேட்டுவிட்டு, அந்தப் புத்தகத்தை இவருக்கே விளக்கத் தொடங்கினார். அது சோல்னிட் எழுதிய புத்தகம். பக்கத்தில் இருந்த தோழி, இது இவருடைய புத்தகம்தான் என்றார். அவர் காதில் விழவில்லை. மறுபடியும் சொன்னார். மூன்று நான்கு தடவை சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. அப்புறம் தெரியவந்தது, அவர் அந்தப் புத்தகத்தைப் படிக்கவும் இல்லை. சில மாதங்களுக்கு முன் நியூயார்க் டைம்ஸில் வந்த மதிப்புரையை மட்டும் படித்திருந்தார். அந்தப் புத்தகத்துக்கு அமெரிக்காவின் தேசியப் புத்தக விமர்சகர்கள் வட்டத்தின் விருதும் கிடைத்தது.

சோல்னிட் இதைப் பல ஆண்டுகள் நண்பர்களிடம் சிரித்துக்கொண்டே சொல்லிவந்தார். இதை எழுதியே ஆகவேண்டும், இளம் பெண்கள் படிக்கவேண்டும் என்று ஒரு தோழி வற்புறுத்தவே, 2008இல் ஒரே மூச்சில் கட்டுரையாக எழுதினார். அந்த ஆண்டு ஏப்ரலில் அது இணையத்தில் வந்தது, லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸிலும் வந்தது. 'மென் எக்ஸ்ப்ளெயின் திங்ஸ் டு மீ' என்பது தலைப்பு.

சொல்லை உண்டாக்கியது யார்?

சோல்னிட்தான் உண்டாக்கினார் என்று பல இடங்களில் எழுதியிருப்பதைப் பார்க்கலாம். தவறு. அவருடைய கட்டுரையில் அந்தச் சொல்லே கிடையாது. கட்டுரை வெளிவந்து ஒரு மாதம் கழித்து, 2008 மே மாதத்தில், லைவ்ஜர்னல் என்ற வலைப்பூத் தளத்தில் யாரோ ஒருவர் எழுதிய பின்னூட்டத்தில் அது தென்படுகிறது. அங்கிருந்து பெண்ணிய வலைப்பதிவுகளுக்குப் போய், அங்கிருந்து எல்லோர் வாய்க்கும் வந்துவிட்டது. 2010இல் நியூயார்க் டைம்ஸ் அந்த ஆண்டின் சொற்களில் ஒன்றாக இதைப் பட்டியலிட்டது. 2014இல் ஆக்ஸ்ஃபோர்டின் இணைய அகராதி சேர்த்துக்கொண்டது. அதே ஆண்டு ஆஸ்திரேலியாவின் மெக்வாரி அகராதி ஆண்டின் சொல்லாகத் தேர்ந்தெடுத்தது. 2018இல் மெரியம் வெப்ஸ்டரும் சேர்த்தது. பத்தே ஆண்டுகளில் ஒரு பின்னூட்டத்திலிருந்து அகராதிக்கு ஒரு சொல் போய்ச் சேர்ந்திருக்கிறது.

வேறு மொழிக்காரர்கள் தங்களுக்கென்று ஒன்றைச் செய்துகொண்டார்கள் என்பதும் கவனிக்கவேண்டியது. பிரெஞ்சில் மெக்ஸ்ப்ளிகாசியோன், ஜெர்மனில் ஹெர்க்லேரன், ஐஸ்லாந்து மொழியில் ஹ்ரூட்ஸ்கீரிங். கடைசியில் சொன்னது கிடா ஆட்டையும் விளக்கத்தையும் சேர்த்தது. இத்தனை மொழிகளில் இத்தனை வேகமாக ஒரு சொல்லுக்கு இடம் கிடைக்கிறது என்றால், சொல் வருவதற்கு முன்பே அந்த அனுபவம் அங்கெல்லாம் காத்துக்கொண்டிருந்தது என்றுதான் அர்த்தம்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கிச் சொன்னால்: சம்பவம் 2003இல், கட்டுரை 2008 ஏப்ரலில், சொல் அடுத்த மாதம். கட்டுரை சோல்னிட்டுடையது, சொல்லை உருவாக்கியவர் வேறொருவர். தெரிந்தவரிடமே, தெரியாதவர் என்று நினைத்து, கேட்காத விளக்கத்தைக் கொடுப்பது அதன் பொருள்.

உள்ளே என்ன நடக்கிறது?

ஒருவர் பேசும்போது அவர் சொல்வதை எவ்வளவு நம்பலாம் என்று நாம் எல்லோருமே நொடிப்பொழுதில் ஒரு மதிப்பெண் போட்டுவிடுகிறோம். போடாமல் இருக்கவும் முடியாது. வழி கேட்டால் ஆட்டோ ஓட்டுநர் சொல்வதை ஒரு மாதிரியும் நேற்று ஊருக்கு வந்தவர் சொல்வதை வேறு மாதிரியும் எடுத்துக்கொள்கிறோம், அது சரிதான். அந்த மதிப்பெண்ணுக்கு ஒரு காரணம் இருக்கிறது. காரணமே இல்லாமல், ஆளின் பாலினத்தையோ நிறத்தையோ சாதியையோ பேச்சு வழக்கையோ பார்த்து மதிப்பெண்ணைக் குறைக்கும்போதுதான் சிக்கல் வருகிறது.

மிராண்டா ஃப்ரிக்கர் என்ற பிரிட்டிஷ் தத்துவவாதி 2007இல் ஒரு புத்தகத்தில் இதைத் தெளிவாக எடுத்துவைத்தார், மேன்ஸ்ப்ளெயினிங் என்ற சொல் பிறப்பதற்கு ஒரு வருஷம் முன்னால். ஒருவருக்கு அவர் யார் என்பதாலேயே நம்பகத்தன்மையைக் குறைத்துக் கொடுப்பதை அவர் சாட்சிய அநீதி என்கிறார். நீதிமன்றச் சாட்சியை மட்டும் இது குறிக்கவில்லை. நமக்குத் தெரிந்த ஒன்றை இன்னொருவரிடம் சொல்வது எல்லாமே இங்கே சாட்சியம்தான். ஆஸ்பென் வீட்டுக்காரருக்கு நடந்ததை இப்போது பாருங்கள். தோழி சொன்ன வாக்கியம் அவருடைய காதுக்குப் போகத்தான் செய்தது. ஆனால் அதற்குக் கிடைத்த மதிப்பெண் மிகக் குறைவு, அதனால் அது தகவலாகவே பதிவாகவில்லை. மூன்று நான்கு முறை சொல்லவேண்டி வந்தது அதனால்தான்.

இன்னொரு சம்பவத்தைக் கொஞ்சம் பக்கத்திலிருந்தே பார்க்கலாம், ஏனென்றால் இதில் விஷயம் கண்ணாடிபோலத் தெரியும். 2016 செப்டம்பரில் நாசா விண்வெளி வீராங்கனை ஜெஸிக்கா மெயர் ட்விட்டரில் ஒரு பதிவு போட்டார். காற்றழுத்தத்தைக் குறைக்கும் அறை ஒன்றில் நடந்த பயிற்சியின்போது முதல் முறையாக 63,000 அடிக்கு மேலான உயரத்தின் நிலையை அனுபவித்ததாகவும், அங்கே தண்ணீர் தானாகவே கொதிக்கும் என்றும், நல்லவேளையாக விண்வெளி உடை போட்டிருந்ததாகவும் எழுதினார். அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ 16இல் ஒரு பங்குதான். அழுத்தம் அவ்வளவு குறைந்துவிட்டால் நம் உடம்புச் சூடான 37 டிகிரியிலேயே தண்ணீர் கொதித்துவிடும், அடுப்பே வேண்டாம்.

உடனே ஒரு ஆண் பதில் எழுதினார்: அதைத் தானாகக் கொதிப்பதாகச் சொல்ல முடியாது, அறையின் அழுத்தம் தண்ணீரின் ஆவியழுத்தத்தைவிடக் குறைந்துவிட்டது, அவ்வளவுதான், எளிய வெப்ப இயக்கவியல் என்று. மெயர் யார் என்று பார்த்துவிட்டு இதைத் திரும்பப் படிக்கவேண்டும். அவர் உடலியங்கியலில் ஆராய்ச்சி செய்து முனைவர் பட்டம் வாங்கியவர். ஆக்ஸிஜன் குறைந்த இடத்தில் உடம்பு எப்படித் தாக்குப்பிடிக்கிறது என்பதுதான் அவருடைய துறையே. இமயமலையைத் தாண்டிப் பறக்கும் வரித்தலை வாத்துகளைக் காற்றுச் சுரங்கத்தில் பறக்கவிட்டு ஆராய்ந்தவர். (நம் கூந்தன்குளத்துக்குக் குளிர்காலத்தில் வருகிற அதே வாத்துதான்.) வெப்ப இயக்கவியலின் கணக்கிலேயே பார்த்தாலும் அவர் எழுதியது சரி: வெளியிலிருந்து தொடர்ந்து உந்தாமல், இருக்கிற நிலைமையில் தானே நடந்துவிடும் மாற்றத்தைத்தான் அந்தத் துறை 'தானாக' நடப்பது என்று அழைக்கிறது. ஆக, துறை நிபுணர் தன் வேலையைப் பற்றிச் சொன்ன சரியான வாக்கியத்தை, முன்பின் தெரியாத ஒருவர் திருத்தப் பார்த்தார். 2019 அக்டோபர் 18 அன்று பெண்கள் மட்டுமே பங்கேற்ற முதல் விண்வெளி நடையைச் செய்த இருவரில் மெயரும் ஒருவர்.

அந்த மனிதர் கெட்டவராக இருந்திருக்கவேண்டிய அவசியம் இல்லை. தெரிந்ததைச் சொல்லும் உற்சாகம் எல்லோருக்கும் உண்டு. கேள்வி இதுதான்: அதே பதிவை அதே தகுதியுள்ள ஒரு ஆண் விண்வெளி வீரர் போட்டிருந்தால், முதலில் தோன்றுவது "இவருக்குத் தெரியாமலா எழுதியிருப்பார்" என்பதாக இருந்திருக்காதா?

கேட்பவருக்குள் என்ன நடக்கிறது?

இதைத்தான் நான் இந்த விஷயத்தின் மிகக் கனமான பகுதியாக நினைக்கிறேன், பேச்சில் பெரும்பாலும் விடுபட்டுப்போவதும் இதுதான். மேன்ஸ்ப்ளெயினிங் என்றால் எரிச்சல், நேர விரயம், அவ்வளவுதானே என்று நினைக்கிறோம். சோல்னிட் தன் கட்டுரையில் சொல்லும் ஒரு சின்ன விவரம் அதைவிட ஆழமானது. வீட்டுக்காரர் அவ்வளவு உறுதியாகப் பேசிக்கொண்டிருந்தபோது, ஒரு கணம் அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது: ஒருவேளை இதே ஆண்டில் மைப்ரிட்ஜைப் பற்றி இன்னொரு புத்தகமும் வந்து, அது நம் கண்ணில் படாமல் போய்விட்டதோ? பல வருஷம் உழைத்து அந்தப் புத்தகத்தை எழுதியவருக்கே, மதிப்புரை மட்டும் படித்த ஒருவரின் தன்னம்பிக்கை தன்மேல் சந்தேகத்தை உண்டாக்கிவிட்டது.

நடுவயதில், பெயர் வாங்கிய எழுத்தாளருக்கே இந்த நிலை என்றால், வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம் ஆன இருபத்திரண்டு வயதுப் பெண்ணை நினைத்துப் பாருங்கள். கூட்டத்தில் தான் எழுதிய நிரலையே இன்னொருவர் தனக்கு விளக்குவதை அவர் நான்கு முறை பொறுத்துக்கொள்வார். ஐந்தாவது முறை, தனக்குத்தான் சரியாகப் புரியவில்லையோ என்று யோசிக்க ஆரம்பிப்பார். அதற்கப்புறம் சரியான விடை தெரிந்திருந்தும் வாய் திறக்கமாட்டார். அவர் பேசாமல் இருப்பதைப் பார்த்து, அவருக்குத் தெரியாது என்று இன்னும் நான்கு பேர் முடிவுசெய்வார்கள். இப்படித்தான் அந்தப் பொய்யான மதிப்பெண் தன்னைத்தானே உண்மையாக்கிக்கொள்கிறது.

பதவி உயர்ந்தால் இது தீர்ந்துவிடும் என்று சொல்வதற்கும் இல்லை. அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் வாய்மொழி விசாரணைப் பதிவுகளை நார்த்வெஸ்டர்ன் சட்டக் கல்லூரி ஆய்வாளர்கள் எடுத்துப் பார்த்து 2017இல் வெளியிட்டார்கள். அவர்கள் ஆராய்ந்த கடைசி 12 ஆண்டுகளில் நீதிபதிகளில் சராசரியாக 24 சதவீதம் பெண்கள். ஆனால் நடந்த குறுக்கீடுகளில் 32 சதவீதம் பெண் நீதிபதிகள் பேசும்போது நடந்தவை. பெண் நீதிபதிகள் குறுக்கிட்டது 4 சதவீதம்தான். நீதிபதி பேச ஆரம்பித்தால் வழக்கறிஞர் நிறுத்தவேண்டும் என்பது அங்கே விதி, அப்படியும் ஆண் வழக்கறிஞர்கள் பெண் நீதிபதிகளின் பேச்சை வெட்டியிருக்கிறார்கள். குறுக்கே பேசுவதும் மேன்ஸ்ப்ளெயினிங்கும் ஒன்று அல்ல, ஆனால் வேர் ஒன்றுதான்: யார் பேச்சுக்கு எவ்வளவு எடை என்ற கணக்கு.

சுருக்கமாக: நாம் எல்லோரும் பேசுகிறவருக்கு ஒரு நம்பிக்கை மதிப்பெண் போடுகிறோம், காரணமில்லாமல் அதைக் குறைப்பது சாட்சிய அநீதி, மேன்ஸ்ப்ளெயினிங் அதன் ஒரு வடிவம். பாதிப்பு அந்த உரையாடலோடு முடிவதில்லை, கேட்பவர் தன்மேல் வைத்திருக்கும் நம்பிக்கைவரை போகிறது.

எதெல்லாம் இதில் சேராது?

நிறைய இருக்கிறது. ஆசிரியர் மாணவிக்குப் பாடம் நடத்துவது சேராது. மருத்துவர் நோயாளிக்கு விளக்குவது சேராது. ஒரு பெண் கேட்டு ஒரு ஆண் பதில் சொன்னால் அது பதில். இரண்டு பேருக்கும் நன்றாகத் தெரிந்த விஷயத்தில் கருத்து வேறுபட்டால் அது விவாதம், அதில் ஆண் தவறாகவே பேசினாலும் விவாதம்தான்.

தவறாகப் பேசுவதும் மேன்ஸ்ப்ளெயினிங்கும் வேறு என்பதற்கு வானியலில் ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. செசிலியா பெய்ன் 1925இல் தன் முனைவர் பட்ட ஆய்வில், நட்சத்திரங்களில் மிகப் பெரும்பகுதி ஹைட்ரஜன்தான் என்று கண்டுபிடித்தார். அன்றைய பெரிய வானியலாளர் ஹென்றி நோரிஸ் ரஸ்ஸல் அதைப் பார்த்துவிட்டு, இது சாத்தியமே இல்லை என்றார். அவர் சொல்லுக்கு இருந்த செல்வாக்கினால், அந்த முடிவு ஏறக்குறைய நிச்சயமாக உண்மை இல்லை என்று பெய்ன் தன் ஆய்வேட்டிலேயே எழுதவேண்டி வந்தது. நான்கு வருஷம் கழித்து ரஸ்ஸலே வேறு வழியில் அதே முடிவுக்கு வந்தார், பெய்னின் வேலையையும் குறிப்பிட்டார். இதில் அநீதி இருக்கிறது, அதிகாரம் இருக்கிறது, படிக்கும்போது மனசு ஆறமாட்டேன் என்கிறது. ஆனாலும் இதை மேன்ஸ்ப்ளெயினிங் என்று சொல்ல மாட்டேன். ரஸ்ஸல் அந்தத் துறையின் நிபுணர், கருத்துச் சொல்லவேண்டிய இடத்தில் இருந்தவர், அவருக்கு முன்னால் இருந்த அறிவியலும் அன்று அதையே சொன்னது. நடந்ததற்கு வேறு பெயர் வைக்கவேண்டும்.

சொல் தளர்ந்துபோவதற்கு ஆஸ்திரேலிய நாடாளுமன்றத்தில் ஒரு சாட்சி உண்டு. 2016 பிப்ரவரியில் செனட் குழு ஒன்றின் கூட்டத்தில் கேட்டி கலாகர் என்ற செனட்டர் கேள்விகள் கேட்க, அமைச்சர் மிட்ச் ஃபிஃபீல்டு பதில் சொல்லிக்கொண்டிருந்தார். உங்கள் மேன்ஸ்ப்ளெயினிங் ரொம்பப் பிடித்திருக்கிறது என்றார் கலாகர். அது என்ன என்று அவர் கேட்டதற்கு, என் கேள்விகளுக்கு நீங்கள் கொஞ்சம் இளக்காரமாகப் பதில் சொல்லும் முறைதான் என்று விளக்கினார். அமைச்சர் கொதித்துவிட்டார், இதையே நான் ஒரு பெண்ணைப் பார்த்துச் சொன்னால் என்ன ஆகும் என்று கேட்டார். இளக்காரம் இருந்திருக்கலாம், அது கலாகருக்குத்தான் தெரியும். ஆனால் அமைச்சர் பதில் சொல்வதற்கென்றே கூட்டிய கூட்டத்தில், கேட்ட கேள்விக்குச் சொன்ன பதில் அது. நான் இதை அலட்சியமான பதில் என்று மட்டும்தான் சொல்வேன்.

எல்லைக்கோட்டில் நிற்கும் விஷயங்களும் உண்டு. ஒரு பெண் காரை நிறுத்த இடம் பார்த்துக்கொண்டிருப்பார். டீக்கடையிலிருந்து ஒருவர் எழுந்து வந்து, "ரைட்டுல ஒடிங்க, இன்னும் ஒடிங்க, இப்ப நேரா விடுங்க" என்று கையை ஆட்டுவார். நம் ஊரில் ஆண் ஓட்டினாலும் இப்படி வந்து நிற்பவர்கள் இருக்கிறார்கள், அது ஊர்ப் பழக்கம், பல நேரம் உதவியும்கூட. ஆனால் அதே ஆள் அதற்கு முன் நிறுத்திய நாலு ஆண்களுக்கும் எழுந்து வராமல் இவருக்கு மட்டும் வந்தார் என்றால், இவர் பதினைந்து வருஷமாகக் கார் ஓட்டுகிறவர் என்றால், அங்கே மனக்கணக்கு வேலை செய்திருக்கிறது. ஒரே ஒரு சம்பவத்தை வைத்து இதைத் தீர்மானிக்க முடியாமல் போவது உண்டு, அதனால்தான் இந்தச் சண்டைகள் இவ்வளவு நீள்கின்றன. பெண்கள் பெரும்பாலும் பேசுவது நூறாவது சம்பவத்தின்போது, கேட்கிறவருக்கு அது முதல் சம்பவம்.

பெண்கள் செய்வதில்லையா?

செய்கிறார்கள். முதல் குழந்தை பெற்றவரிடம் மாமியார் எடுக்கும் பாடங்களைப் பற்றி நான் சொல்லவேண்டியதில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு தனியாக வெளியே வரும் அப்பாக்களிடம், அதை எப்படிப் பிடிக்கவேண்டும் என்று முன்பின் தெரியாத பெண்கள் வந்து சொல்வதும் நடக்கிறது. அங்கே மதிப்பெண் குறைவது ஆணுக்கு. அதே பொறிமுறைதான், மறுக்க ஒன்றுமில்லை.

வித்தியாசம் பரப்பில் இருக்கிறது. குழந்தை வளர்ப்பு, சமையல் என்று சில இடங்களில் மட்டும் ஆணுக்குக் குறைத்துப் போடுகிறோம். பெண்ணுக்கு அப்படிக் குறைத்துப் போடும் இடங்கள் அறிவியல், பணம், எந்திரம், அரசியல், சட்டம், விளையாட்டு என்று சம்பளமும் அதிகாரமும் இருக்கிற பக்கமெல்லாம் பரவிக் கிடக்கின்றன. சொல்லில் மேன் ஒட்டிக்கொண்டது அந்த எண்ணிக்கையினால். சாதியிலும் இதையே பார்க்கலாம்: சாதியின் அடியை வாழ்நாள் முழுக்க வாங்கியவரிடம் போய், இப்போதெல்லாம் சாதி எங்கே இருக்கிறது என்று விளக்குகிறவர் செய்வதும் இதே வேலைதான், ஆணானாலும் பெண்ணானாலும்.

பெயர் இல்லாத அனுபவம்

சோல்னிட்டுக்கே இந்தச் சொல்மேல் தயக்கம் இருந்தது. 2014இல் கட்டுரை புத்தகமாக வந்தபோது அதைப் பதிவுசெய்தார்: ஆண்கள் பிறவியிலேயே இப்படி என்பதுபோல் அந்தச் சொல் ஒலிக்கிறது, உண்மையில் சில ஆண்கள்தான் விளக்கக் கூடாததை விளக்குகிறார்கள், கேட்கவேண்டியதைக் கேட்பதில்லை என்றார். பிற்பாடு கலிபோர்னியாவின் பெர்க்லியில் ஆராய்ச்சி செய்த ஒரு பெண் அவரிடம், இந்தச் சொல் எங்களுக்கு எவ்வளவு தேவையாக இருந்தது தெரியுமா, எல்லாப் பெண்களுக்கும் இருந்த அனுபவத்தைச் சொல்ல மொழியே இல்லாமல் இருந்தது என்று சொன்னபோது அவர் மனம் மாறியது.

சொல் இல்லாவிட்டால் என்ன குறைந்துவிடும் என்பதற்கு ஃப்ரிக்கர் தன் புத்தகத்தில் கார்மிட்டா வுட் என்பவரின் கதையை எடுத்துக்கொள்கிறார். அவர் கார்னெல் பல்கலைக்கழகத்தில் அலுவலக வேலை பார்த்தவர். பேராசிரியர் ஒருவரின் தொல்லை தாங்காமல் உடம்பு கெட்டு வேலையை விட்டார். வேலையில்லாதோர் உதவித்தொகைக்கு விண்ணப்பித்தபோது ஏன் விட்டீர்கள் என்று கேட்டார்கள். அவரால் பெயர் சொல்ல முடியவில்லை, சொந்தக் காரணம் என்று எழுதினார், தொகை மறுக்கப்பட்டது. அவருக்காகக் கூடிய பெண்கள் ஒவ்வொருவராகப் பேசியபோதுதான் தங்கள் எல்லோருக்கும் அதுவே நடந்திருக்கிறது என்று தெரிந்தது. 1975இல் அவர்கள் உட்கார்ந்து யோசித்து வைத்த பெயர்தான் இன்று சட்டப் புத்தகங்களில் இருக்கும் செக்‌ஷுவல் ஹராஸ்மென்ட், பாலியல் தொல்லை. இரண்டும் ஒரே அளவு கொடுமை என்று நான் சொல்லவரவில்லை. ஒரு பெயர் வந்ததும், "எனக்கு மட்டும்தான் இப்படியோ" என்று தனித்தனியாகக் குமைந்தவர்கள் ஒருவரையொருவர் கண்டுகொள்கிறார்கள் என்பதைத்தான் சொல்கிறேன்.

விளக்க ஆரம்பிப்பதற்கு முன்

2018இல் கிம் குட்வின் என்ற அமெரிக்க வடிவமைப்பாளரிடம், கூட வேலை பார்த்த ஆண்கள் சிலர் உண்மையான அக்கறையோடு, நான் செய்வது மேன்ஸ்ப்ளெயினிங்கா என்று கேட்டார்கள். அவர் ஒரே ஒரு வரைபடத்தில் பதில் போட்டார், அது உலகம் முழுக்கப் பரவியது. அதில் இருக்கும் கேள்விகள் எளிமையானவை. அவர் கேட்டாரா? கேட்டார் என்றால் தாராளமாக விளக்கலாம். கேட்கவில்லை என்றால், இந்த விஷயத்தில் உங்களுக்கு அவரைவிட அனுபவம் அதிகமா? அவர் அளவுக்குப் படிப்பும் அனுபவமும் உள்ள ஆண்களில் பெரும்பாலானவர்களுக்கு இது ஏற்கெனவே தெரிந்திருக்குமா? விளக்கம் வேண்டுமா என்று கேட்டீர்களா?

மூன்றாவது கேள்விதான் இதில் உயிர். மற்றவை மரியாதையைப் பற்றியவை, அது ஒன்றுதான் அந்த மனக்கணக்கை நேராகப் பிடிக்கிறது. இவர் இடத்தில் இதே பதவியில் ஒரு ஆண் உட்கார்ந்திருந்தால் இதை நான் அடியிலிருந்து சொல்வேனா என்று ஒரு நொடி நினைத்துப் பார்த்தால் போதும். சந்தேகமாக இருந்தால், "இது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், இல்லன்னா சொல்றேன்" என்று ஆரம்பிக்கலாம். தெரியும் என்று பதில் வந்தால் அதை நம்பி அடுத்த விஷயத்துக்குப் போகவேண்டும். தெரியும் என்று சொன்ன பிறகும் சொல்லிமுடித்துவிட்டுத்தான் ஓய்வேன் என்று நிற்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

கூட்டத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் செய்யக்கூடியதும் ஒன்று இருக்கிறது, அதற்குச் சண்டை போடவேண்டியதில்லை. "இந்தப் பகுதியை எழுதினதே அவங்கதான், அவங்களையே கேப்போம்" என்று ஒரு வரி சொல்லிவிட்டு அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பிவிடலாம். முதல் தடவை யாரும் கவனிக்காவிட்டால் இன்னொரு தடவை சொல்லலாம்.